லண்டன் வேண்டாம் என்ற ஊர் டாக்டர்: பெரியம்மைக்கு முடிவு கட்டிய எட்வர்ட் ஜென்னரின் கதை

வீட்டில் 50 வயதைத் தாண்டிய அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது இருந்தால், அவர்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள். நாணயம் அளவில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். என்ன இது என்று கேட்டால், சின்ன வயசில் அம்மை குத்தினது என்பார்கள்.

உங்கள் கையில் அந்தத் தழும்பு இருக்காது. காசநோய்க்குப் போட்ட பிசிஜி ஊசியின் சின்ன அடையாளம் வேண்டுமானால் இருக்கலாம். பெரியம்மைக்கு இன்று யாரும் குழந்தைகளுக்கு ஊசி போடுவதில்லை. காரணம், அந்த நோயே உலகத்தில் இல்லை.

இதற்குத் தொடக்கப்புள்ளி வைத்தவர் பெரிய ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி கிடையாது. இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரில், குதிரையில் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்த்த ஒரு ஊர் டாக்டர். பெயர் எட்வர்ட் ஜென்னர். தன்னிடம் வருகிறவர்களைப் பல வருஷம் கவனித்ததும், அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதும்தான் அவருடைய கண்டுபிடிப்பின் அடிப்படை. அந்தக் கதையைப் பார்க்கலாம்.

குதிரை லாயத்தில் ஒரு எட்டு வயது பையன்

1749 மே 17. இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் பகுதியில் உள்ள பெர்க்லி என்ற ஊர். அங்கே தேவாலயப் பாதிரியார் வீட்டில் எட்டாவது குழந்தையாகப் பிறந்தார் ஜென்னர். ஐந்து வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். மூத்த சகோதர சகோதரிகள்தான் வளர்த்தார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பெரியம்மையால் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். நோய் வந்தவர்களில் பத்தில் மூன்று பேர் பிழைக்க மாட்டார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண் பார்வையும் போய்விடும். மருந்து என்று எதுவும் கிடையாது.

ஆனால் ஒரு தடுப்பு முறை இருந்தது. லேசாகப் பெரியம்மை வந்தவரின் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, நலமாக இருப்பவரின் கையில் சின்னக் கீறல் போட்டு உள்ளே செலுத்துவார்கள். பெரும்பாலும் லேசான அம்மை வந்து போகும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் பெரியம்மை வராது. சீனா, துருக்கி, நம் நாட்டின் வங்காளம் போன்ற இடங்களில் ஏற்கெனவே இருந்த வழக்கம்தான் இது. துருக்கியில் இதைப் பார்த்த மேரி வோர்ட்லி மான்டேகு என்ற பெண்மணி, 1721இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்.

இதில் இரண்டு சிக்கல்கள். உள்ளே போவது நிஜமான பெரியம்மை. எனவே நூற்றுக்கு ஒருவர், இருவர் இறந்துவிடுவார்கள். இன்னொன்று, குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவர்களுக்கும் நோய் பரவலாம்.

ஜென்னருக்கு எட்டு வயதானபோது இந்த முறையில்தான் அம்மை குத்தினார்கள். அதற்கு முன்னால் உடம்பைத் தயார் செய்கிறோம் என்று பட்டினி போட்டார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அம்மை இறங்கும்வரை மற்ற பையன்களோடு ஒரு குதிரை லாயத்தில் அடைத்து வைத்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் அந்த நாட்களின் பயம் அவரை விட்டுப் பல காலம் போகவில்லை.

லண்டனுக்குப் போனார், திரும்பி வந்தார்

சுமார் 14 வயதில், பக்கத்தில் உள்ள சோட்பரி என்ற ஊரில் ஒரு சர்ஜனிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் டாக்டர் ஆவதற்குப் பெரும்பாலானவர்கள் போன வழி அதுதான். 21 வயதில், 1770இல், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஜான் ஹன்டர் என்ற பெயர்பெற்ற சர்ஜனின் மாணவரானார்.

ஹன்டரிடம் கற்ற முக்கியமான பாடம் ஒன்று உண்டு. ஒரு கேள்வி வந்தால் உட்கார்ந்து ஊகம் செய்யாதே, சோதித்துப் பார் என்பதுதான் அது. பின்னாளில் கடிதங்களிலும் இதையே ஜென்னருக்கு அவர் நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

லண்டனில் ஜென்னருக்கு வாய்ப்புகள் குவிந்தன. கேப்டன் குக் தன் முதல் கடல் பயணத்திலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த உயிரின மாதிரிகளை ஒழுங்குபடுத்தும் வேலை ஜென்னருக்குக் கிடைத்தது. குக்கின் அடுத்த பயணத்தில் சேரவும் அழைப்பு வந்தது. இன்றைய கணக்கில், வெளிநாட்டில் பெரிய கம்பெனி வேலை தேடி வந்த மாதிரி!

ஜென்னர் மறுத்துவிட்டார். சொந்த ஊருக்குத் திரும்பி, வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்.

ஊர் டாக்டரின் வேலை

பெர்க்லியைச் சுற்றிப் பண்ணைகள். பால் மாடுகள், பாலாடைக்கட்டி வியாபாரம். நோயாளிகள் தூரத்தில் இருந்தார்கள். மழையோ பனியோ, குதிரையில்தான் போக வேண்டும். ஒரு குளிர்காலத்தில் பனிப்புயலில் சிக்கி, உறைந்து சாகும் நிலைக்கே போய்த் தப்பினார். உடம்பு மரத்துப்போவது எப்படி இருந்தது என்று அதையும் குறித்து வைத்தார். நோயாளிகளிடமிருந்து வந்த டைஃபஸ் காய்ச்சல் 1794 வாக்கில் அவரைக் கிட்டத்தட்டக் கொன்றேவிட்டது.

பக்கத்து ஊர் டாக்டர்களோடு சேர்ந்து விடுதி ஒன்றில் கூடி, கட்டுரை வாசித்து, விவாதித்து, பிறகு சாப்பிடும் ஒரு சங்கத்தையும் நடத்தினார். வயலின் வாசிப்பார், கவிதை எழுதுவார், பறவைகளைப் பார்ப்பார். குயில் குஞ்சு பற்றிய அவருடைய ஆய்வு அப்போது பெரிய செய்தி. வேறு பறவையின் கூட்டில் பிறக்கும் குயில் குஞ்சு, கண் திறக்காத நிலையிலேயே மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் முட்டி வெளியே தள்ளுகிறது என்று அவர் எழுதினார். பலர் நம்பவில்லை. 20ஆம் நூற்றாண்டில் கேமரா வந்த பிறகு அது அப்படியே நிரூபணமானது. இந்த ஆய்வுக்காக 1789இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். முந்தைய வருஷம்தான் கேத்தரின் கிங்ஸ்கோட் என்பவரைத் திருமணம் செய்திருந்தார்.

அவர் எப்படிப்பட்ட டாக்டர் என்று புரிந்துகொள்ள இன்னொரு சம்பவம். நெஞ்சுவலியால் இறந்த சிலரின் உடலைப் பரிசோதித்தபோது, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தடித்து இறுகியிருப்பதைக் கவனித்தார். இன்று நாம் ஆஞ்சைனா என்று சொல்கிற நோய்க்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகித்தார். ஆனால் வெளியிடவில்லை. அவருடைய குரு ஹன்டருக்கும் அதே வலி இருந்தது. கட்டுரை வந்தால், தன் நோய்க்குத் தீர்வில்லை என்று ஹன்டர் புரிந்துகொள்வாரே என்ற தயக்கம். 1793இல் ஹன்டர் இறந்தபோது உடலைப் பரிசோதித்தார்கள். ஜென்னர் ஊகித்தபடியே இதயக் குழாய்கள் கெட்டிப்பட்டிருந்தன.

அம்மை பிடிக்காத கைகள்

ஊர் டாக்டர் என்ற முறையில் பழைய முறைப்படி அம்மை குத்தும் வேலையும் ஜென்னருடையது. அங்கேதான் விசித்திரமான விஷயம் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தது. சிலருக்கு எத்தனை முறை குத்தினாலும் அம்மை பிடிக்கவில்லை. கையில் லேசாகச் சிவக்கும், அவ்வளவுதான்.

அவர்களிடம் பேசிப் பார்த்தால் பலரும் ஒரே பதில் சொன்னார்கள். எனக்கு முன்னாடியே மாட்டம்மை வந்திருக்கு டாக்டர் என்பதுதான் அது.

மாட்டம்மை என்பது பசுவின் மடியில் வரும் கொப்புளம். பால் கறப்பவர் கைக்கும் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து நாள் காய்ச்சல், கையில் புண், பிறகு ஆறிவிடும். அது வந்தவர்களுக்குப் பெரியம்மை வராது என்று பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான தார்ன்பரியில் ஜான் ஃபியூஸ்டர் என்ற டாக்டரும் இதைக் கவனித்துச் சக டாக்டர்களிடம் பேசியிருந்தார். ஆனால் பெரும்பாலான டாக்டர்களுக்கு அது பாமரர் பேச்சு.

இளம் வயதில் பால் கறக்கும் பெண் ஒருவர் இதைச் சொல்லி, அந்த நொடியில் ஜென்னருக்குப் பொறி தட்டியது என்று ஒரு கதை ரொம்பப் பிரபலம். அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய நண்பர் சொன்ன கதை அது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. ஒரு நொடியில் வந்த ஞானம் என்பதைவிட, பல வருஷக் குறிப்பேடு என்பதே உண்மைக்கு நெருக்கம்.

உதாரணத்துக்கு, ஜோசப் மெரட் என்ற தோட்ட வேலைக்காரர். 1770இல் மாட்டம்மை வந்தது. 25 வருஷம் கழித்து, 1795இல் ஜென்னர் பெரியம்மை குத்தினார். பிடிக்கவில்லை. இன்னொருவர் ஜான் ஃபிலிப்ஸ் என்ற உள்ளூர் வியாபாரி. ஒன்பது வயதில் மாட்டம்மை வந்தவர். அவருக்கு 62 வயதில் குத்திப் பார்த்தார். அப்போதும் பிடிக்கவில்லை.

இதை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கு 50 வருஷத்துக்கு முன்னால் என்ன நோய் வந்தது என்பது லண்டன் மருத்துவமனை டாக்டருக்கு எப்படித் தெரியும்? நோயாளி வருவார், போவார். அந்தக் குடும்பத்தையும், அவர் எந்தப் பண்ணையில் வேலை பார்த்தார் என்பதையும் அறிந்த ஊர் டாக்டரால்தான் இப்படி ஒரு பட்டியல் போட முடியும்.

1796 மே 14

மே மாதத்தில் சாரா நெல்ம்ஸ் என்ற பால் கறக்கும் பெண் கையில் கொப்புளங்களோடு ஜென்னரிடம் வந்தார். ப்ளாஸம் என்ற பசுவிடமிருந்து தொற்றிய மாட்டம்மை.

ஜென்னருக்கு வைத்தியம் மட்டும் பார்த்து அனுப்பியிருக்கலாம். இந்த முறை அவர் அடுத்த படிக்குப் போனார். மே 14 அன்று சாராவின் கையிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயது சிறுவனின் கையில் இரண்டு சின்னக் கீறல் போட்டுச் செலுத்தினார். ஜென்னரிடம் தோட்ட வேலை பார்த்தவரின் மகன் அவன். ஒரு வாரம் கழித்து அக்குளில் வலி, லேசான காய்ச்சல், ஒரு நாள் பசியில்லை. பிறகு சரியாகிவிட்டான்.

ஜூலை 1ஆம் தேதிதான் உண்மையான சோதனை. பெரியம்மை நீரை எடுத்து அதே சிறுவனுக்குக் குத்தினார். ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்து மறுபடியும் குத்தினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

இன்று இதை அனுமதிப்பார்களா?

நிச்சயம் மாட்டார்கள். இதை மழுப்பாமல் பேச வேண்டும். வேலைக்காரர் மகனுக்கு நோய்க்கிருமியைச் செலுத்தி, என்ன ஆகிறது என்று பார்த்தார் ஜென்னர். முதலாளி கேட்கும்போது அந்த அப்பாவால் முடியாது என்று சொல்லியிருக்க முடியுமா? அந்தக் காலத்தில் பெரியம்மை நீரைக் குத்துவது சாதாரணத் தடுப்பு முறை, எப்படியும் அந்தச் சிறுவனுக்கு யாராவது குத்தத்தான் செய்திருப்பார்கள் என்பது ஒரு விளக்கம். அது உண்மைதான். ஆனாலும் தெரிந்து தரும் சம்மதம் என்ற இன்றைய விதி அங்கே இல்லை.

பிறகு நடந்த சோதனைகளில் ஏழைகள் விடுதியில் இருந்த குழந்தைகளும் உண்டு. அதில் ஒரு ஐந்து வயது சிறுவன், விடுதியில் பரவிய வேறொரு காய்ச்சலில் இறந்துபோனான். ஜென்னர் தன் குழந்தைகளை மட்டும் ஒதுக்கி வைத்தார் என்றும் சொல்ல முடியாது. 1789இல் கைக்குழந்தையாக இருந்த மூத்த மகனுக்குப் பன்றியம்மை நீரைக் குத்திப் பார்த்தார். 1798இல் இளைய மகன் ராபர்ட்டுக்கு மாட்டம்மை குத்தினார். அது பிடிக்கவில்லை.

முதலில் செய்தவரும் ஜென்னர் கிடையாது. 1774லேயே டார்செட் பகுதி விவசாயி பெஞ்சமின் ஜெஸ்டி, தன் மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் மாட்டம்மை குத்தியிருந்தார். ஊரார் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அப்போ ஜென்னருக்கு ஏன் இவ்வளவு பெயர்? சோதித்தார், எழுதினார், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எடுத்துச் செல்ல முடியும் என்று காட்டினார். எங்கோ ஒரு பசுவுக்கு நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது அதன் பொருள்.

திரும்பி வந்த கட்டுரை

1797இல் கட்டுரையை ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலும் சோதிக்கலாம் என்றால், அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மாட்டம்மையே இல்லை. 1798 வசந்த காலம்வரை காத்திருந்தார். பிறகு 23 பேரின் விவரங்களோடு, தன் சொந்தச் செலவில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். லத்தீனில் வாக்கா என்றால் பசு. ஆங்கிலத்தில் நாம் இன்று சொல்லும் வாக்சின் என்ற சொல்லின் வேர் அதுதான்.

அந்த வருஷம் லண்டனுக்குப் போய் மூன்று மாதம் தங்கினார். மாட்டம்மை குத்திக்கொள்ள ஒருவர்கூட முன்வரவில்லை. அவர் கொடுத்துவிட்டு வந்த மாதிரியை வைத்து வேறொரு டாக்டர்தான் அங்கே முதலில் குத்தினார்.

பிறகு வேகம் பிடித்தது. கூடவே குழப்பமும். லண்டன் பெரியம்மை மருத்துவமனையில் வில்லியம் வுட்வில் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் குத்தினார். அங்கே பெரியம்மை நோயாளிகளும் இருந்ததால் மாதிரியில் பெரியம்மை கலந்துவிட்டது. குத்திக்கொண்ட பலருக்கு உடம்பெல்லாம் கொப்புளம். தப்பு முறையில் இல்லை, மாதிரியில்தான் என்று நிரூபிக்க ஜென்னர் போராட வேண்டியிருந்தது.

எதிர்ப்பும் கிளம்பியது. மாட்டின் சீழை மனித உடம்பில் ஏற்றுவது கடவுளுக்கு விரோதம் என்று சிலர் பேசினார்கள். பழைய முறையில் நல்ல வருமானம் பார்த்த டாக்டர்களுக்குக் கோபம். 1802இல் ஜேம்ஸ் கில்ரே என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்த படத்தில், ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூக்கிலும் கையிலும் குட்டி மாடுகள் முளைக்கின்றன! தடுப்பூசி பற்றி இன்று வாட்ஸ்அப்பில் வருகிற வதந்திகளுக்கு முன்னோடி என்றே அதைச் சொல்லலாம்.

தோட்டத்துக் குடிசையில் இலவச ஊசி

கண்டுபிடிப்பை ரகசியமாக வைத்திருந்தால் ஜென்னர் பெரும் பணக்காரராகியிருப்பார். அவர் மாதிரியைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். நூலில் தோய்த்து, கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே காயவைத்து, எப்படிப் போடுவது என்று கடிதமும் எழுதினார். நாளெல்லாம் கடிதம் எழுதியே வைத்தியத் தொழில் படுத்துவிட்டது. 1802இல் 10,000 பவுண்டும், 1807இல் 20,000 பவுண்டும் நாடாளுமன்றம் கொடுத்தது. லண்டனில் தொழில் நடத்திப் பார்த்து, கட்டுப்படியாகாமல் மீண்டும் பெர்க்லிக்கே வந்தார்.

அவருடைய வீட்டுத் தோட்டத்தில், கூரை வேய்ந்த ஒரு சின்னக் குடிசை இருந்தது. ஏழைகளுக்கு அங்கே இலவசமாக ஊசி போட்டார். மாட்டம்மைக் கோயில் என்று பொருள்படும்படி அதற்கு ஒரு பெயரும் வைத்தார். சுற்றுப்பட்டுக் கிராமத்து அம்மாக்கள் குழந்தைகளோடு வந்து நிற்பார்கள். நோய் வந்த பிறகு வைத்தியம் பார்க்க இல்லை, வராமல் தடுக்க ஒரு உள்ளூர் கிளினிக்! இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாளில் நாம் பார்க்கும் காட்சிக்கு அந்தக் குடிசையை முன்மாதிரி என்று சொன்னால் மிகையில்லை. பெர்க்லியில் அது இப்போதும் இருக்கிறது. வீடு அருங்காட்சியகமாகிவிட்டது.

கையிலிருந்து கைக்கு, இந்தியா வரை

ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். கப்பலில் மாதக்கணக்கில் வரும்போது மாதிரி வீரியம் இழந்துவிடும். என்ன வழி? ஒருவருக்குக் குத்தி, எட்டு நாள் கழித்து அவர் கொப்புளத்திலிருந்து அடுத்தவருக்கு, பிறகு இன்னொருவருக்கு. மனிதச் சங்கிலி. 1803இல் ஸ்பெயின் நாடு, 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றி, இப்படித்தான் அமெரிக்கக் கண்டத்துக்குத் தடுப்பூசியைக் கொண்டுபோனது.

இந்தியாவுக்கு வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்குப் போட்டார்கள். இந்தியாவில் வெற்றிகரமாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அவர் கையிலிருந்து தொடங்கிய சங்கிலி பூனா, சூரத், ஹைதராபாத், இலங்கை, சென்னை என்று நீண்டது.

இங்கே எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கொப்புள நீரைத் தன் குழந்தைக்கு ஏற்றிக்கொள்ளச் சாதி பார்க்கிற சமூகத்தில் தயக்கம் இருந்தது. மைசூர் அரச குடும்பத்துப் பெண்களை தாமஸ் ஹிக்கி 1805இல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. அதில் ஓர் அரசி சேலையை ஒதுக்கித் தன் மேற்கையைக் காட்டுகிறார். தடுப்பூசி போட்ட இடத்தை மக்களுக்குக் காட்டத்தான் அந்தப் படம் என்பது ஒரு வரலாற்று ஆய்வாளரின் கணிப்பு. கல்கத்தா, பம்பாய், சென்னையிலிருந்து ஜென்னருக்கு நன்கொடை திரட்டி அனுப்பினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

பிரிட்டனோடு போரில் இருந்த நெப்போலியன்கூடத் தன் படைவீரர்களுக்கு ஊசி போட வைத்தார். ஜென்னர் கேட்டுக்கொண்டதற்காகச் சில ஆங்கிலேயக் கைதிகளை விடுவிக்கவும் செய்தார்.

அவர் தவறிய இடங்கள்

ஒருமுறை குத்தினால் ஆயுசுக்கும் பாதுகாப்பு என்று ஜென்னர் உறுதியாக நம்பினார். அது தவறு. பாதுகாப்பு வருஷங்கள் போகப் போகக் குறையும். மறுபடி போட வேண்டும். ஊசி போட்டும் சிலருக்கு நோய் வந்தபோது, போட்டவர் சரியாகப் போடவில்லை என்றே அவர் வாதாடினார். கையிலிருந்து கைக்கு எடுக்கும் முறையில் மேகநோய் போன்ற வேறு நோய்களும் தொற்ற வாய்ப்பிருந்தது. பின்னாளில் கன்றுகளிடமிருந்து நேரடியாக மருந்து எடுக்கும் முறை வந்த பிறகே அந்த ஆபத்து நீங்கியது.

வைரஸ் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அது கண்டுபிடிக்கப்பட இன்னும் 100 வருஷம் இருந்தது. தான் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தார். பார்க்காததில் தவறினார்.

சொந்த வீட்டில் தோற்றார்

உலகமே பாராட்டிக்கொண்டிருந்தபோது ஜென்னரின் வீட்டுக்குள் வேறொரு நோய் நுழைந்தது. காசநோய். மூத்த மகன் எட்வர்ட் 1810 தொடக்கத்தில், 21 வயதில் இறந்தார். பல வருஷம் நோயோடு இருந்த மனைவி கேத்தரின் 1815இல் இறந்தார். உலகத்துக்கே ஒரு நோயைத் தடுத்துக் கொடுத்தவரால் தன் வீட்டில் வந்த நோய்க்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிக்கவே 1882 ஆனது.

கேத்தரின் போன பிறகு பொது வாழ்க்கையிலிருந்து விலகினார். பெர்க்லியைவிட்டு அதிகம் வெளியே போகவில்லை. ஊரில் கொஞ்சம் வைத்தியம், நீதி வழங்கும் பொறுப்பு, பறவைகள் வலசை போவது பற்றிய ஆய்வு என்று நாட்கள் நகர்ந்தன.

ஜேம்ஸ் ஃபிப்ஸை அவர் மறக்கவில்லை. அந்தச் சிறுவன் வளர்ந்து, திருமணமாகிக் குடும்பம் ஆனபோது, வாடகை இல்லாமல் ஒரு வீடு கொடுத்தார். அந்த வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடிகளைத் தானே நட்டுக் கொடுத்தார் என்கிறார்கள்.

1823 ஜனவரி 26 அன்று பக்கவாதத்தால் ஜென்னர் இறந்தார். வயது 73. தன் அப்பா பாதிரியாராக இருந்த அதே தேவாலயத்தில், பெற்றோருக்கும் மனைவிக்கும் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இறுதிச் சடங்கில் ஃபிப்ஸும் வந்து நின்றார்.

பிறகு என்ன ஆனது?

1840இல் பழைய முறை அம்மைக்குத்தை பிரிட்டன் தடை செய்தது. மாட்டம்மை ஊசியை இலவசமாக்கியது. 1853இல் குழந்தைகளுக்குக் கட்டாயமாக்கியது. 1858இல் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் ஜென்னருக்குச் சிலை வைத்தார்கள். படைத்தளபதிகள் நிற்கும் இடத்தில் ஒரு டாக்டரா என்று எதிர்ப்பு வர, நாலே வருஷத்தில் அதை ஒரு பூங்காவுக்கு மாற்றிவிட்டார்கள். உயிர் காத்தவர் நகர்ந்துகொண்டார், தளபதிகள் அங்கேயே நிற்கிறார்கள்!

20ஆம் நூற்றாண்டில் மட்டும் பெரியம்மையால் சுமார் 30 கோடி பேர் இறந்திருக்கலாம் என்கிறது மதிப்பீடு. ஊசி இருந்தது, ஆனால் கடைசி கிராமம்வரை போய்ச் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தீவிர இயக்கத்துக்குப் பிறகு, இந்தியாவில் 1975இல் கடைசி நோயாளி. உலகத்தில் இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977இல், சோமாலியாவில். 1980 மே 8 அன்று பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். மனிதர்களைத் தாக்கும் நோய்களில் முழுசாக ஒழிக்கப்பட்டது இது ஒன்றுதான்.

சரி, இதில் நமக்கு என்ன?

ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினால் நமக்குத் தெரியும். நோயே வராமல் தடுத்தால் யாருக்கும் தெரியாது. வராத காய்ச்சலுக்கு யார் நன்றி சொல்வார்கள்? தடுப்பு மருத்துவத்தின் சங்கடமே இதுதான். தழும்பு இல்லாத நம் தலைமுறை, தடுப்பூசியே தேவையா என்று கேட்கத் தொடங்குவதும் இதனால்தான்.

ஜென்னரின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேலை மாறி, ஊர் மாறி, ஆப்பில் அப்பாயின்ட்மென்ட் போடும் நமக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. உங்களைத் தெரிந்த ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள். சளிக்கு ஒருவர், முதுகுவலிக்கு இன்னொருவர் என்று மாறிக்கொண்டே இருந்தால், முழுப் படம் யாரிடமும் இருக்காது. பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாதீர்கள். போனில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால்கூடப் போதும். சின்ன வயதில் என்ன நோய் வந்தது, எந்த ஊசி போட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். 53 வருஷத்துக்கு முன் வந்த மாட்டம்மையை ஜான் ஃபிலிப்ஸ் நினைவு வைத்துச் சொன்னதால்தான் அது ஆதாரம் ஆனது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, மாத்திரைச் சீட்டு வாங்கியதும் எழுந்துவிடாமல் ஒரு கேள்வி கேளுங்கள். என் வயசுக்கு எந்தப் பரிசோதனை, எந்தத் தடுப்பூசி பாக்கி இருக்கு டாக்டர்?

இன்று வீட்டுக்குப் போனதும், அந்தத் தழும்பு உள்ள கையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உங்கள் கையில் அது ஏன் இல்லை என்று அவர்களிடமும் சொல்லுங்கள்.